ஒலிபெருக்கி வித்தகர் ஜேம்ஸ் லான்சிங்

பெரியோர் சரிதங்களை நாம் படிக்கப் புகுங்கால், அரசர், படைத்தலைவர், கவிஞர், அறவோர் ஆகியோர் சரிதங்களையே பெரும்பாலும் நாடிச் செல்கின்றோம். பட்டறையிலே மரத்தோடும் கம்பியோடும் காந்தத்தோடும் உழன்று தம் வாழ்நாளைக் கழித்த தொழில்வல்லாரை நாம் நினைப்பது அரிது. ஆயினும், அன்னார் கைப்பட்ட பொருள்களின் பயனை நாள்தோறும் துய்ப்பவர் நாமே. அத்தகையோருள் ஒருவராய், 1902 முதல் 1949 வரை அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த ஜேம்ஸ் புல்லோ லான்சிங் என்பாருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் மாணாக்கர் முன் வைக்க விரும்புகின்றோம்.

இவரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. பௌதிகம் பயிலும் இளைஞர் சிலர் விடுமுறை நாட்களில் ஒட்டுப்பலகையை அறுத்து ஆளுயரப் பெட்டிகளைச் செய்து, அவற்றுள் இரண்டு மூன்று ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பேரொலி தரும் கோபுர ஒலிபெருக்கிகளைக் குறைந்த செலவில் தாமே சமைக்க முயல்வதுண்டு. அவர்கள் முதற்கண் கேட்கும் வினா, எத்தனை வாட் வேண்டும் என்பதேயாம். அவ்வினா தவறன்று, ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்கத்தக்க வினா மற்றொன்று உளது. கொடுக்கும் மின்சாரத்தில் எத்தனை பங்கு ஒலியாகின்றது, எத்தனை பங்கு வீணாகின்றது என்பதே அது. இந்த இரண்டாம் வினாவுக்கு விடை காண்பதிலேயே லான்சிங் தம் ஆயுளைச் செலவிட்டார். யந்திரத்துள் அணுவளவு வலிமையும் வீணாகப் பொறாத அவர், தம் வாழ்வில் நேர்ந்த இழப்பைத் தடுக்கமாட்டாது போயினமையும் நாம் அறியத்தக்கதே. இவ்விரண்டையும் சேர்த்துக் கூறுவதே நம் கருத்து.

இளமை

லான்சிங் என்பது அவர் பிறந்தபோது பெற்ற பெயரன்று. 1902-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் தேதி, இல்லினாய்ஸ் மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்க எஞ்சினீயராகிய ஹென்றி மார்ட்டினிக்கும் அவர் மனைவியார் கிரேஸ் அம்மையாருக்கும் மகவாய்த் தோன்றிய அவருக்கு, ஜேம்ஸ் மார்ட்டினி என்பதே இயற்பெயர். அவருடைய பெற்றோருக்குப் பிறந்த மக்கள் பதினால்வர். அவருள் இவர் ஒன்பதாமவர். தந்தையாரின் தொழில் காரணமாகக் குடும்பம் ஊர் விட்டு ஊர் பெயர்ந்து வாழ வேண்டியிருந்தது. இத்தனை பேர் உண்ணும் இல்லத்தில் ஒரு சிறுவனின் விளையாட்டுக் கருவிகளுக்கெனப் பொருள் ஒதுக்குதல் எளிதன்று. ஆகவே, வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் பழக்கம் இவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

பத்து வயதளவில் லெய்டன் ஜாடி என்னும் மின்சாரம் சேமிக்கும் கருவியைத் தம் கையாலேயே செய்து, உடன் விளையாடும் பிள்ளைகளுக்கு அதனால் சிறு அதிர்ச்சி கொடுத்து மகிழ்ந்தனராம். இரண்டாண்டு கழித்து, கம்பியில்லாத் தந்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை அமைத்தார் என்றும், அதன் அலைகள் அம்மாகாணத்திலேயே இருந்த கடற்படைப் பயிற்சி நிலையத்தை எட்டவே, அதிகாரிகள் தேடி வந்து அதனைக் கலைக்கச் செய்தனர் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். குறைந்த பொருளைக்கொண்டு நெடுந்தூரம் எட்டச் செய்யும் ஆற்றல் அச்சிறுவனிடத்தே அப்பொழுதே அரும்பியிருந்தது எனலாம்.

பள்ளிப் படிப்பின் பின்னர் மோட்டார் வண்டி பழுது பார்க்கும் தொழிலில் அமர்ந்தார். அவரது கைத்திறனைக் கண்ட முதலாளி, டெட்ராய்ட் நகரிலிருந்த மோட்டார் தொழிற்பள்ளிக்கு அவரை அனுப்பி வைத்தார். உலோகத்தைக் கடைவது, மயிரிழை அளவும் பிசகாது பொருத்துவது ஆகிய வித்தைகளை அவர் கற்றது இத்தொழிலிலேயாம். பெரிய சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் அவர் பெற்றவரல்லர். பிற்காலத்தில் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளுக்கு நிகராக நின்று அவர் பணி புரிந்தது இக்கைப்பயிற்சியின் வலிமையினாலேயே என்பதை மாணாக்கர் கருத்தில் இருத்துக.

1924-ஆம் ஆண்டு நவம்பரில் தாயார் காலமானார். அதன் பின் இளைஞர் வீட்டை விட்டு மேற்கு நோக்கிச் சென்றார். யூட்டா மாகாணத்துச் சால்ட் லேக் நகரில் ரேடியோ நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். அந்நகரிலேயே, பின்னர்த் தம் வாழ்க்கைத் துணைவியாரான கிளென்னா பீட்டர்ஸன் என்னும் நங்கையையும், தம் வாழ்வின் போக்கையே மாற்றிய கென் டெக்கர் என்னும் நண்பரையும் சந்தித்தார்.

இரு நண்பர்

டெக்கர் வியாபார நுணுக்கம் அறிந்தவர். ஜேம்ஸ் யந்திர நுணுக்கம் அறிந்தவர். இவரிருவரும் கூடி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சென்று, ஒலிபெருக்கி செய்யும் கம்பெனி ஒன்றை நிறுவக் கருதினர். கம்பெனியைப் பதிவு செய்யுமுன், மார்ட்டினி என்னும் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு டெக்கர் யோசனை கூறினார். அவ்வாறே அவர் ஜேம்ஸ் புல்லோ லான்சிங் ஆனார். 1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி லான்சிங் மானுபாக்சரிங் கம்பெனி சட்டப்படி தோன்றிற்று. அப்பொழுது லான்சிங்குக்கு வயது இருபத்தைந்து.

முதலில் அவர்கள் செய்தவை, வீட்டு ரேடியோப் பெட்டிகளுக்குள் வைக்கும் 6 அங்குல, 8 அங்குல ஸ்பீக்கர்களேயாம். பட்டறை லான்சிங்கின் ஆட்சியில் இருந்தது; கணக்கும் கடிதமும் கொடுக்கல் வாங்கலும் டெக்கரின் ஆட்சியில் இருந்தன. ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் போல இருவரும் ஓடினர். 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் எத்தனையோ ஸ்தாபனங்கள் மாய்ந்தொழியவும், இச்சிறு கம்பெனி பிழைத்திருந்தது.

ஒலி பிறக்கும் வகை

லான்சிங்கின் பெருமையை உணர வேண்டுமாயின், ஒலிபெருக்கி தொழிற்படும் வகையைச் சிறிதளவேனும் அறிதல் வேண்டும். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள குறுகிய இடுக்கில் ஒரு கம்பிச் சுருள் தொங்குகின்றது. அதனுள் மின்சாரம் மாறி மாறிப் பாயும்பொழுது சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. அத்தள்ளலே நம் செவியில் ஒலியாகின்றது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் பேரிழப்பு ஒன்று மறைந்து கிடக்கின்றது. காற்று மிக இலேசானது. கூம்போ அதனை நோக்கக் கனமானது. பெருங்கதவை வேகமாய்த் திறந்து மூடுவோன், தன் வலிமை முழுவதையும் கதவை அசைப்பதிலேயே செலவிட்டு, சிறு காற்றையே எழுப்புதல் போல, ஒலிபெருக்கியும் தனக்குக் கொடுத்த மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சுருளின் சூடாக வீணாக்குகின்றது. வீடுகளில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர்களில் 100 பங்கு மின்சாரத்தில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை.

இவ்விழப்பைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. காந்தத்தின் வலிமையைக் கூட்டுதல் ஒன்று. இடுக்கைக் குறுக்கி, அதனுள் இயன்ற அளவு உலோகத்தை நிரப்புதல் மற்றொன்று. அசையும் உறுப்பின் கனத்தைக் குறைத்தல் பிறிதொன்று. கூம்புக்கு முன்னே சிறு வாயில் தொடங்கி மெல்ல விரியும் குழலைப் பொருத்துதலும் சிறந்ததொரு வழியே. நாகசுரத்தின் அடியில் அணைசு இல்லையேல் அதன் நாதம் எவ்வாறு மெலியும் என்பதை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். இவ்வழிகள் அனைத்திலும் லான்சிங் கைவைத்தார். கைவைத்த யாவற்றையும் மேம்படுத்தினார்.

பேசும் படத்தின் குரல்

1927-க்குப் பின் சினிமாப் படங்கள் பேசத் தொடங்கின. ஆயிரம் பேர் அமரும் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் ஒலி எட்ட வேண்டும். அக்காலத்து வால்வு யந்திரங்கள் தரும் மின்சக்தியோ சில பத்து வாட் அளவே. ஆகவே, சிறு சக்தியைப் பேரொலியாக்கும் கருவி எவரிடம் உளதோ அவரையே தொழில் உலகம் நாடிற்று. அந்நாளில் கொட்டகைகளில் இருந்த ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் செவ்வனே தரவில்லை. எம்.ஜி.எம். படக் கம்பெனியின் ஒலிப்பகுதித் தலைவராகிய டக்ளஸ் ஷியரர் இக்குறையைக் கண்டு மனம் நொந்து, தாமே புதியதொன்றை ஆக்கத் துணிந்தார்.

அக்காலத்தில் பெல் ஆராய்ச்சிச் சாலையார் 1933-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து இசையைக் கம்பி வழியே வாஷிங்டன் நகருக்கு அனுப்பி, பெரிய ஒலிபெருக்கிகளால் கேட்பித்து யாவரையும் வியப்பில் ஆழ்த்தியிருந்தனர். ஆனால் அக்கருவி கொட்டகைகளுக்கு ஏற்றதன்று. அதன் தாழ்வொலிக் குழல் மிக நீண்டது. உயர்வொலிக் குழல் குறுகியது. ஆதலின் ஒரே ஓசையின் இரு பகுதிகளும் செவியை வந்தடையும் காலம் வேறுபட்டது. காலால் தாளமிட்டு ஆடும் நடனப் படத்தை அதில் ஓட்டிப் பார்த்தபொழுது, ஒரு தட்டு இரு தட்டாகக் கேட்டது. ஷியரரும் அவர்தம் உதவியாளராகிய ஜான் ஹில்லியார்டும் இக்குற்றத்தைக் களைய முற்பட்டனர். கருவியின் உறுப்புகளைச் செய்துதரும் பொறுப்பு லான்சிங்கையும், அவரிடம் பணிபுரிந்த ஜான் பிளாக்பர்ன் என்பாரையும் சார்ந்தது.

லான்சிங்கின் பட்டறையில் 15 அங்குலத் தாழ்வொலி ஸ்பீக்கர்களும், மெல்லிய உலோகச் சவ்வினால் உயர்வொலி எழுப்பும் சிறு கருவிகளும் உருவாயின. தாழ்வொலிக் குழல் குறுக்கப்பட்டது. இரு ஒலிகளும் ஒருங்கே செவியைச் சேர்ந்தன. நடனமாதின் ஒரு தட்டு ஒரு தட்டாகவே கேட்டது. ஷியரர் ஹார்ன் என்று பெயர் பெற்ற இவ்வமைப்புக்காக, 1936-ஆம் ஆண்டின் படத்தொழிற் சாதனைகளுக்கென வழங்கிய அகாடமிப் பரிசு ஷியரருக்கும் எம்.ஜி.எம். ஒலிப்பகுதிக்கும் கிடைத்தது. பரிசுப் பட்டியலில் லான்சிங்கின் பெயர் இல்லை. ஆயினும் தொழிலறிந்தோர் யாவரும் உறுப்புகளைச் செய்த கையை அறிந்திருந்தனர். 1937-ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் சிறுவடிவாக, ஐகானிக் என்னும் ஒலிபெருக்கியை லான்சிங் வெளியிட்டார். ஓர் அறைக்குள் அடங்கத்தக்க அது ஒலிப்பதிவு நிலையங்களில் பெரிதும் விரும்பப்பட்டது. இன்று நம் இளைஞர் செய்யும் கோபுரப் பெட்டியை அதன் வழித்தோன்றல் என்றே கூறலாம்.

ஒரு சக்கரம் ஒடிந்தது

புகழ் உச்சியை நோக்கி ஏறிய காலத்திலே பேரிடி ஒன்று வந்து விழுந்தது. 1939-ஆம் ஆண்டில் கென் டெக்கர் விமான விபத்தில் உயிரிழந்தார். வண்டியின் ஒரு சக்கரம் ஒடிந்தது. கணக்குப் புத்தகம் லான்சிங்குக்கு அந்நிய பாஷை போன்றது. எந்தப் பொருளைச் செய்தால் லாபம், எவ்விலைக்கு விற்றால் நஷ்டம், எவரிடம் வரவேண்டிய பாக்கி உளது என்னும் இவற்றை ஆராய்வதில் அவர் மனம் செல்லவில்லை. செய்யும் பொருள் இன்னும் சிறிது நன்றாதல் வேண்டும் என்பதொன்றே அவர் அறிந்த வியாபாரம். கடன் பெருகிற்று.

1941-ஆம் ஆண்டு டிசம்பரில், கொட்டகைகளின் ஒலிக்கருவிகளைப் பராமரித்துவந்த ஆல்டெக் கம்பெனியார் லான்சிங்கின் கம்பெனியை 50,000 டாலருக்கு வாங்கினர். புதிய ஸ்தாபனம் ஆல்டெக் லான்சிங் எனப் பெயர் பெற்றது. லான்சிங் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் யந்திரப் பகுதிக்குத் துணைத்தலைவரானார். கணக்கின் பாரம் தோளினின்று நீங்கவே, அவர் கைகள் மீண்டும் தழைத்தன. ஓர் அச்சிலேயே தாழ்வொலியும் உயர்வொலியும் பிறக்குமாறு அமைத்த 604 என்னும் ஸ்பீக்கர், பல ஆண்டுகள் ஒலிப்பதிவு நிலையங்களில் அளவுகோலாக விளங்கிற்று. 1945-இல் ஹில்லியார்டோடு சேர்ந்து ஆக்கிய கொட்டகைக் குரல் என்னும் பொருள்படும் பெயர்கொண்ட பெரும் பெட்டி, நெடுங்காலம் சினிமாக் கொட்டகைகளின் திரைக்குப் பின் நின்று முழங்கிற்று.

இக்காலத்தில் அவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஒரு சிறு வித்தையைக் கூறாது மேற்செல்ல மனம் ஒருப்படவில்லை. சுருளுக்குரிய கம்பி உருண்டையாக இருப்பின், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே வெற்றிடம் விழும்; காந்தத்தின் விலையுயர்ந்த இடுக்கில் அவ்வெற்றிடம் வீணே. லான்சிங் கம்பியை நாடாப்போல் தட்டையாக்கி, அதன் ஓரம் காந்தத்தை நோக்குமாறு அடுக்கடுக்காகச் சுற்றினார். சீட்டுக்கட்டை அடுக்கினாற் போல இடைவெளியின்றி உலோகம் நிரம்பிற்று. அதே இடம், அதே காந்தம். ஆனால் தள்ளும் வலிமை மிகுதி. வீணாவதைத் தடுப்பதே பெருக்குவதாகும் என்னும் அவர் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மீண்டும் தனிவழி

1946-இல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஆல்டெக்கை விட்டு நீங்கித் தமக்கென ஒரு கம்பெனியை மீண்டும் தொடங்கினார். தம் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆல்டெக்கார் ஏற்கெனவே அப்பெயரை விலைக்கு வாங்கியவராதலின் தடை கூறினர். வழக்கு முற்றாது, ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று பெயரை மாற்றியமைத்து இருசாராரும் இசைந்தனர். இன்று ஜே.பி.எல். என்னும் மூன்றெழுத்தால் உலகெங்கும் அறியப்படுவது அதுவே.

இக்கம்பெனியில் அவர் ஆக்கிய டி-130 என்னும் 15 அங்குல ஸ்பீக்கரே அவர் வாழ்நாட் பணியின் முடிமணி. கூம்பு ஸ்பீக்கருக்கு அந்நாளில் எவரும் நினையாத 4 அங்குல அகலச் சுருளை அதற்கு அமைத்தார். தட்டை நாடாக் கம்பி, புதிதாய் வந்த அல்னிக்கோ என்னும் வலிய காந்தம், இலேசான காகிதக் கூம்பு ஆகிய அனைத்தும் அதில் ஒன்றுகூடின. ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால், அது ஏறத்தாழ 100 டெசிபெல் ஒலி எழுப்பும். சாதாரண ஸ்பீக்கர் 10 வாட்டும் அதற்கு மேலும் கொண்டு செய்வதை அது ஒரு வாட்டால் செய்தது.

ஆனால், யந்திரத்தில் மிச்சம் பிடித்த அக்கைகள் பெட்டகத்தில் மிச்சம் பிடிக்கவில்லை. இம்முறை டெக்கர் இல்லை. உயர்ந்த பொருளைச் செய்து, அதற்குத் தக்க வருவாய் காணாது, கடனுக்குமேல் கடன்பட்டார். மார்க்வார்ட் என்னும் விமானக் கம்பெனி சிலகாலம் பணமும் இடமும் உதவிற்று. அக்கம்பெனியே 1949-இல் கைமாறவும், அவ்வுதவி நின்றது. மார்க்வார்ட்டின் பிரதிநிதியாக வந்த வில்லியம் தாமஸ் என்பார் லான்சிங்கின் திறமையில் நம்பிக்கை கொண்டு, தம் பழைய உத்தியோகத்தை விட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். நல்ல துணை மீண்டும் கிடைத்தது. ஆனால் மிகத் தாமதித்துக் கிடைத்தது. கடன் கவலை லான்சிங்கின் உள்ளத்தை முன்னரே அரித்திருந்தது. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், சான் மார்க்கோஸ் என்னும் ஊரிலிருந்த தம் தோட்டத்தில் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தேழு.

அவர் பேரில் கம்பெனி எடுத்திருந்த ஆயுள் காப்புறுதித் தொகை 10,000 டாலர், அவர் மறைவுக்குப் பின் கம்பெனிக்குக் கிடைத்தது. அதைக்கொண்டும், லான்சிங்கின் மனைவியாரிடமிருந்த பங்கைப் பின்னர் விலைக்கு வாங்கியும், தாமஸ் அவ்வில்லத்தின் விளக்கை அணையாது காத்தார்.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே அவர் எண்ணாத புகழ் அவர் பெயரைச் சூழ்ந்தது. நடுத்தரக் குடும்பத்தினர் வீட்டிலேயே நல்லிசை கேட்க விரும்பினர். ஸ்பீக்கரை மட்டும் விலைக்கு வாங்கி, பெட்டியைத் தாமே செய்துகொள்வோர் அமெரிக்க நாட்டில் பெருகினர். அன்னாருக்குப் பயன்படுமாறு பெட்டியின் அளவும் அமைப்பும் காட்டும் வரைபடங்கள் வெளியிடப்பட்டன. கிடார் வாத்தியத்தை மின்சாரத்தால் முழங்கச் செய்த லியோ பெண்டர் தம் கருவிகளுக்கு டி-130 ஸ்பீக்கரை ஏற்றுக்கொண்டார். 1974-ஆம் ஆண்டில் கிரேட்புல் டெட் என்னும் இசைக்குழுவினர், நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி, ஒலிச்சுவர் என்று பேர்பெற்ற பேரமைப்பைத் திறந்த வெளிகளில் நிறுவினர். அதில் முழங்கியவை பெரும்பாலும் ஜே.பி.எல். ஸ்பீக்கர்களே. 1969-இல் அக்கம்பெனி ஹார்மன் குழுவினர் வசமும், 2017-இல் அக்குழு கொரிய நாட்டுச் சாம்சங் கம்பெனியின் வசமும் ஆயின. கடனுக்கு அஞ்சி உயிர்நீத்தவரின் பெயர், பெருஞ்செல்வத்தின் முத்திரையாயிற்று.

பெட்டி செய்வோர் கொள்ளத்தக்க நெறிகள்

செலவு குறைந்த கோபுர ஒலிபெருக்கியைச் செய்ய விழையும் மாணாக்கர் இவர் தொழிலினின்று கற்கத்தக்கவை பல. முதலாவது, ஸ்பீக்கரை வாங்குங்கால் அது எத்தனை வாட் தாங்கும் என்பதைக் காட்டிலும், ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் தரும் என்பதை நோக்குக. ஒலி 3 டெசிபெல் உயர மின்சக்தி இருமடங்கும், 10 டெசிபெல் உயரப் பத்து மடங்கும் வேண்டும். 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். பெரிய ஆம்பிளிபயருக்குச் செலவிடும் பணம் மிச்சமாவது இங்கேதான்.

இரண்டாவது, பெட்டி சிறிதாதல் வேண்டும், தாழ்வொலி ஆழமாதல் வேண்டும், ஒலி பெரிதாதல் வேண்டும் என்னும் மூன்று ஆசைகளுள் இரண்டே நிறைவேறும். மூன்றையும் இயற்கை எவருக்கும் தருவதில்லை. பேரொலியும் ஆழமும் வேண்டுவோர் பெரிய பெட்டிக்கு இசைய வேண்டும். பலகை விலையோ மற்றவற்றை நோக்க மலிவு. ஆளுயரப் பெட்டி தரையில் சிறிதிடமே கொண்டு உள்ளே மிகுந்த இடம் தருதலால், ஏழை மாணாக்கன் அறைக்கு அதுவே தக்கது. பலகைகள் அதிர்ந்தால் அவ்வதிர்வும் வீணே. ஆகையால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, மூட்டுகளைக் காற்றுப் புகாதவாறு பசையிட்டு அடைத்தல் வேண்டும். காற்று வெளிவரும் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்பீக்கரின் குணத்துக்கு ஏற்பக் கணக்கிட்டே அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுபோன்ற இரண்டு ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணையாகக் கம்பி பிணைத்தால், அதே மின்னழுத்தத்தில் 6 டெசிபெல் உயர்வு கிட்டும். அதில் பாதி, இரு கூம்புகளும் ஒருங்கே காற்றைத் தள்ளுதலால் வருவது. மறுபாதி, ஆம்பிளிபயர் இருமடங்கு சக்தி கொடுத்தலால் வருவது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம் ஆகும். அச்சுமையை ஆம்பிளிபயர் தாங்குமா என்று முன்னரே அறிதல் வேண்டும். நான்காவது, உயர்வொலிக்குச் சிறு குழல் பொருத்திய கருவியை வைத்துத் தாழ்வொலியினின்று பிரிக்கும் மின்னமைப்பை இடுங்கால், நடனமாதின் இரு தட்டுகளை மறவாதிருக்க. இரு ஒலிகளும் ஒருங்கே செவி சேருமாறு அமைத்தல் அறிவுடைமை.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேரொலி செய்யும் கருவி செவியைக் கெடுக்கவும் வல்லது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பர். ஒவ்வொரு 3 டெசிபெல் உயரும்தோறும் அக்காலம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரமே. இழந்த செவிப்புலன் மீண்டும் வருவதில்லை. இசையைக் கேட்கவே கருவி செய்கின்றோம். கருவியால் கேள்வியை இழப்பது பேதைமை.

முடிவுரை

லான்சிங்கின் வாழ்வை எண்ணுந்தோறும் நம் மனத்தில் எழுவது, அவர் இறுதி நாட்களில் அவரருகே இருந்து கணக்கையும் கவலையையும் பங்கிட்டுக்கொள்வார் ஒருவர் முன்னரே வாய்த்திருப்பின் எவ்வாறிருந்திருக்கும் என்பதே. ஒரு சுருளின் இடைவெளியில் வீணானதைக் கண்டு வருந்திய உலகில், ஒரு மனிதர் வீணாவதைக் கண்டு தடுத்தாரில்லை. கடன் என்பது எண்ணிக் கொடுத்துத் தீர்க்கத்தக்க பொருள்; உயிர் அத்தகையதன்று. அவர் அஞ்சிய கடனைக் காலம் சில ஆண்டுகளிலேயே தீர்த்துவிட்டது. அவர் கைகள் இன்னும் செய்திருக்கக்கூடியவற்றை எக்காலமும் தரவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் கைத்திறன் உடையார் கணக்குத்திறன் உடையாரைத் துணைக்கொள்க. கணக்குத்திறன் உடையார் கைத்திறன் உடையாரைக் கைவிடாதிருக்க. பட்டறையில் ஒருவன் பல நாள் முகம் வாடித் தனித்திருப்பின், அவன் செய்யும் பெட்டியைப் பற்றி மட்டுமன்றி அவனைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் பாரம் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றும் நாளில், நண்பரிடத்தும் ஆசிரியரிடத்தும் வாய்திறந்து சொல்லுங்கள். சிறு வாட்டைப் பேரொலியாக்கும் வித்தையை லான்சிங்கின் பணியினின்று கற்போம். அவர் சொல்லாது அடக்கிய துயரத்தினின்று, துயரைச் சொல்லவும் கேட்கவும் கற்போம். அவர் பெயர் பொறித்த ஒலிபெருக்கி எங்கேனும் முழங்கக் கேட்குங்கால், அதன் பின்னே நின்ற அம்மனிதரையும் ஒரு கணம் நினைப்போமாக.